பூச்சிப்பெட்டிக்குப் பத்து மதிப்பெண்

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன் மயிலாப்பூர் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணை ஒழித்தபோது, பித்தளை அண்டாக்களுக்கும் கயிறு கட்டிய பழைய பஞ்சாங்கங்களுக்கும் பின்னால், நான் முற்றிலும் மறந்தே போயிருந்த மரப்பெட்டி ஒன்று அகப்பட்டது. கண்ணாடி மூடியிட்டு, உள்ளே தக்கைப் பலகை பதித்து, மூலையில் பாச்சை உருண்டை வைப்பதற்கென்று சிறிய அறை தடுத்திருந்த அந்தப் பெட்டியைத் தச்சரிடம் சொல்லிச் செய்வித்தவர் என் தகப்பனார். 1977ஆம் ஆண்டில் ஐம்பது பூச்சிகளைக் கொன்று, ஊசியில் குத்தி, அதில் வரிசையாக நிறுத்தி, விலங்கியல் செய்முறைத் தேர்வில் பத்துக்குப் பத்து மதிப்பெண் வாங்கியவன் நான். தூசியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் பூச்சிகளைக் காணோம். ஐம்பது ஊசிகள் நின்றிருந்தன. ஒவ்வோர் ஊசியிலும் பூச்சியின் லத்தீன் பெயரும் இடமும் தேதியும் சேகரித்தவன் பெயரும் எழுதிய சீட்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் பழுப்பு நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருந்தது. பாச்சை உருண்டை கரைந்து தீர்ந்த பிறகு, உலர்ந்த உடல்களையே ஆகாரமாகக் கொள்ளும் ஒரு சிறு வண்டின் புழுக்கள் உள்ளே புகுந்து, நான் கொன்றவற்றையெல்லாம் நிதானமாகத் தின்று முடித்திருந்தன.

அடையாற்றில் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி அப்போது பக்கத்தில் நின்றிருந்தாள். “இதெல்லாம் நீயா கொன்னே, தாத்தா?” என்று கேட்டாள். அந்தக் காலத்தில் அப்படித்தான் படித்தோம் என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் அதோடு விடவில்லை. ஒரு சீட்டைக் கையில் எடுத்து, என் கையெழுத்தில் இருந்த லத்தீன் பெயரைத் திக்கித் திக்கிப் படித்து, “இது என்ன சாப்பிடும்? ராத்திரி எங்கே தூங்கும்?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வேறு சீட்டுகளை எடுத்துக் கேட்டாள். ஐம்பதில் நாலைந்துக்குமேல் நான் பதில் சொல்ல முடியாமல் விழித்ததைக் கண்டு, குழந்தை பெருந்தன்மையோடு பேச்சை மாற்றிவிட்டாள்.

அவளுக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன். அகன்ற வாய்ப் புட்டியின் அடியில் பொட்டாசியம் சயனைடைப் போட்டு, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் குழைத்து ஊற்றி இறுகவைத்த சாதனத்தை நாங்கள் ‘கில்லிங் பாட்டில்’ என்போம். ஆய்வகத்து உதவியாளர் அதை அலமாரியில் பூட்டி வைத்திருந்து, குழுவுக்கு ஒன்றாக எண்ணிக் கொடுத்து, மாலையில் எண்ணி வாங்கிக்கொள்வார். வண்ணத்துப்பூச்சியைப் புட்டியில் இட்டால் அது படபடத்துச் சிறகின் செதில்களை உதிர்த்துக்கொள்ளும் என்பதால், வலைக்குள் இருக்கும்போதே அதன் மார்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரே அழுத்தாக அழுத்தி அடக்கிவிட வேண்டும். அந்த மெல்லிய ஓடு நொறுங்குவது விரலுக்குத் தெரியும். வண்டானால் வலப்புற மேல்சிறகில் ஊசி இறங்க வேண்டும். நட்டநடுவில் குத்தினவனுக்கு அரை மதிப்பெண் போயிற்று. இவ்வளவையும் நான் ஒழுங்காகக் கற்றேன். குத்துவது எப்படி என்பது இன்றைக்கும் என் கைக்கு மறக்கவில்லை. குத்தப்பட்டது எப்படி வாழ்ந்தது என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவுமில்லை, கேட்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவுமில்லை.

பள்ளியிலும் கல்லூரியிலும், பயிற்சி என்னும் பெயரால், மாணவர் ஒவ்வொருவரும் இத்தனை பூச்சிகளைக் கொன்று பெட்டியில் அடுக்கிக் கொண்டுவர வேண்டும் என்று விதிக்கும் சம்பிரதாயம் இன்னும் பல இடங்களில் நடந்துவருகிறது. அதை நிறுத்திவிடலாம் என்பதே என் அபிப்பிராயம். தயையை முன்னிட்டு மட்டும் இதைச் சொல்லவில்லை. அது மோசமான பாடம் என்பதாலேயே முக்கியமாகச் சொல்கிறேன்.

பேத்தியிடம் தோற்ற ரோஷத்தில் நான் செய்த காரியம், கொல்லைப்புறத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு எதிரில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததுதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் எட்டிப்பார்த்த ஒரு காலையில், கறுத்த வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து, கொழுந்துகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, இலைக்கு ஒன்றாக வெளிர்மஞ்சள் முட்டைகளை ஒட்டிவிட்டுப் போயிற்று. கடுகளவுதான் என்று சொல்லலாம். மூன்று நான்கு நாளில் அவற்றிலிருந்து வெளிவந்த புழுக்களைப் புழுக்கள் என்று எவரும் சொல்லமாட்டார்கள். கறுப்பும் வெள்ளையுமாக, ஈரப் பளபளப்போடு, காக்கையோ மைனாவோ போகிறபோக்கில் இட்ட எச்சம் போலவே அவை இலையின்மேல் கிடந்தன. ரசத்துக்குக் கறிவேப்பிலை கிள்ள வந்த என் மனைவி இரண்டு நாள் அவற்றை எச்சம் என்றே எண்ணி ஒதுக்கி வைத்தாள். விஷயம் தெரிந்தபின், அந்தக் கிளையை விட்டுவிட்டு வேறு கிளையில் கிள்ளினாள். நான்காம் முறை தோல் உரித்தவுடன் எச்ச வேஷம் கலைந்து, இலையின் நிறத்திலேயே பசுமையாக, தோளில் போலிக் கண்கள் இரண்டு தீட்டினாற்போல ஒரு புதிய பிராணி வந்து நின்றது. துரும்பால் லேசாகத் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கவட்டு நாக்கு சட்டென்று நீண்டது, மூக்கைத் துளைக்கும் வாடை ஒன்று எழுந்தது, மறுகணம் நாக்கு உள்ளே போயிற்று. பிறகு அது ஒரு காம்பில் ஏறி, வாலைப் பட்டிழையால் ஒட்டி, இடுப்பைச் சுற்றி நூலொன்றால் தன்னைத் தானே கட்டிக்கொண்டு, கம்பத்தில் சாய்ந்து வேலை செய்யும் மின்வாரிய ஊழியரைப் போலப் பின்னால் சாய்ந்தபடி கூட்டுப்புழுவாயிற்று.

இரண்டு வாரத்துக்குள்ளாக ஒரு விடியற்காலையில் கூடு பிளந்தது. வெளிவந்ததைக் கண்டதும் எனக்குப் பெரிய சந்தேகம் ஒன்று உண்டாயிற்று. கறுத்த முன்சிறகில் வெண்பட்டைகள், பின்சிறகில் செந்நிறப் புள்ளிகள். இது சிவப்புடல் அழகி அல்லவா? என் பழைய பெட்டியில் அதற்கு இரண்டு ஊசிகள் ஒதுக்கியிருந்தேன். ஆனால் சிவப்புடல் அழகியின் புழு ஈஸ்வரமூலிக் கொடியைத் தவிர வேறொன்றைத் தின்னாது என்றல்லவா புத்தகம் சொல்கிறது? கறிவேப்பிலை தின்ற வயிற்றிலிருந்து அது எப்படி வரும்? முக்காலியை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது விடை கிடைத்தது. இதன் உடல் சிவப்பாக இல்லை, கறுப்பு. வந்திருந்தது கறிவேப்பிலை அழகி என்று தமிழ்நாட்டு வண்ணத்துப்பூச்சி ஆர்வலர்கள் பெயரிட்டிருக்கும் இனத்தின் பெண். ஈஸ்வரமூலியின் நஞ்சைப் புழுப்பருவத்திலேயே உடலில் சேர்த்துக்கொள்ளும் சிவப்புடல் அழகியைப் பறவைகள் தின்னத் தயங்குகின்றன. நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில, அந்த நஞ்சுடையவளின் புடவையை உடுத்திக்கொண்டு உயிர் பிழைக்கின்றன. ஆணுக்கு இந்த வேஷம் கிடையாது. ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் 1865ஆம் ஆண்டிலேயே இந்தப் பெண்களின் பல வடிவங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். டார்வினோடு சேர்த்துப் பாடத்தில் அவர் பெயரை நான் மனப்பாடம் செய்தேன். அவர் கண்ட அதிசயம் எங்கள் வீட்டுக் கொல்லையில், துளசி மாடத்துக்கு நாலடி தள்ளி, ஆண்டுதோறும் நடந்துவந்ததை அறுபத்தெட்டாவது வயதில் தெரிந்துகொண்டேன். பெட்டியில் சிவப்புடல் அழகி என்று நான் குத்தி வைத்திருந்த இரண்டில் ஒன்று வேஷக்காரியாக இருந்திருக்கவும் கூடும். இப்போது அந்தத் தூளிடம் கேட்க வழியில்லை.

இது கிழவன் ஒருவன் பொழுதுபோகாமல் கண்ட வேடிக்கை, சாஸ்திரம் அல்ல என்று சிலர் நினைக்கலாம். பூச்சியியலில் மிக உயர்ந்தவை என்று கொண்டாடப்படும் கண்டுபிடிப்புகளில் சில இவ்வாறு முக்காலி போட்டு உட்கார்ந்தவர்களால் கிடைத்தவையே. பிரான்ஸின் தென்பகுதியில் கல்லும் முட்செடியும் மண்டிக்கிடந்த ஒரு தரிசு நிலத்தை வாங்கி, அங்கே குளவிகளும் சாணவண்டுகளும் தம் போக்கில் வாழ்வதை ஆண்டுக்கணக்கில் கவனித்துப் பத்துத் தொகுதிகள் எழுதினார் ழான் ஆன்றி ஃபாப்ர். கண்ணாடிச் சுவர் வைத்த கூட்டில் தேனீக்களை வளர்த்து, ஒவ்வொன்றின் முதுகிலும் வண்ணப்புள்ளி இட்டு, பூ இருக்கும் திசையையும் தொலைவையும் அவை நடனமாடித் தெரிவிக்கின்றன என்று கண்டுபிடித்த கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973ல் நோபல் பரிசு கிடைத்தது. இறந்த தேனீயைப் பூதக்கண்ணாடியில் நூறு வருஷம் பார்த்தாலும் அது ஆடிக்காட்டாது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. தி. நகரில் என் தங்கை வீட்டு ஜன்னலின் மேல்வெயில் தடுப்புக்குக் கீழே, சாம்பல் நிறக் காகிதத்தால் செய்தாற்போல ஒரு குளவிக்கூடு தொங்குகிறது. வேலைக்காரம்மாள் அதை விளக்குமாற்றால் தட்டிவிடுவதாக வாரந்தோறும் பயமுறுத்திக்கொண்டிருக்கிறார். இதே வகைக் குளவியைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் என்னும் விஞ்ஞானி நாற்பது ஆண்டுக்குமேல் ஆராய்ந்திருக்கிறார். சீக்கிரம் உலரும் வண்ணத்தால் ஒவ்வொரு குளவிக்கும் தனித்தனிப் புள்ளி இட்டு, எது எப்போது என்ன செய்தது என்று அவரும் அவருடைய மாணவர்களும் மணிக்கணக்காகக் குறித்தார்கள். அந்தக் கூட்டின் ராணி யாரையும் அதட்டுவதில்லை, அடிப்பதில்லை. பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருப்பவள் அவள். ஆயினும் அவளை அப்புறப்படுத்தினால் சில நிமிஷங்களிலேயே வேலைக்காரக் குளவிகளில் ஒன்று திடீரென்று மூர்க்கம் கொண்டு மற்றவற்றை விரட்டத் தொடங்குகிறது; ராணியைத் திருப்பி வைத்தால் அடங்கிவிடுகிறது; வைக்காவிட்டால் ஒரு வாரத்தில் தானே முட்டையிட்டு ராணியாகி, பழைய ராணியைப் போலவே சாந்தமாகவும் ஆகிவிடுகிறது. பதவி ஏறுமுன் சீறுவதும் ஏறியபின் சாந்தமாவதும் நாம் பார்க்காத காட்சியல்ல என்றாலும், குளவியிடம் அதைக் கண்டு சொல்வதற்கு உயிரோடு ஒரு கூடு தேவைப்பட்டது.

எட்வர்ட் எலியட்ஸ் சாலை என்று அன்று பெயர் வழங்கிய இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், மயிலாப்பூர்க்காரராகவே வாழ்ந்த மா. கிருஷ்ணனை இந்த இடத்தில் நினையாமல் இருக்க முடியாது. அ. மாதவையாவின் புதல்வரான அவர், 1950லிருந்து 1996ல் காலமாகும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கையைப் பற்றிய பத்தியை விடாமல் எழுதி, தம் கையாலேயே சித்திரமும் வரைந்தார். யானையைப் பார்த்த அதே சிரத்தையோடு ஓணானையும் அணிலையும் பார்த்த மனிதர். பார்ப்பது, குறிப்பது, வரைவது என்னும் மூன்றைத்தான் நம் பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுக்கத் தவறிவிட்டோம்.

தமிழில் இந்தப் பார்வைக்கு வேர் ஆழமானது. அடையாற்று முகத்துவாரத்தின் ஓரமாக, குப்பையும் சாக்கடையுமாய்க் கிடந்த நிலத்தை மீட்டு அமைத்த பூங்காவுக்குத் தொல்காப்பியப் பூங்கா என்று பெயர் வைத்தவர்கள் என்ன உத்தேசத்தோடு வைத்தார்களோ, பெயர் என்னவோ பொருத்தமாக அமைந்துவிட்டது. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும்போது, கறையானையும் எறும்பையும் மூவறிவு உடையவை என்கிறது. நண்டையும் தும்பியையும் ஒரே வரிசையில் நிறுத்தி நான்கறிவு உடையவை என்கிறது. பூச்சியைக் கல்லோடும் மண்ணோடும் சேர்க்காமல், அறிவுடையது என்று ஏட்டில் ஏற்றிவிட்டது நம் இலக்கணம். நன்னூலும் இந்தப் பகுப்பைச் சொல்கிறது. அந்த நூலுக்கு இன்று கிடைக்கும் உரைகளில் பழமையானதை எழுதியவர் மயிலைநாதர். ஒருகாலத்தில் மயிலாப்பூரில் கோயில் கொண்டிருந்த சமண தீர்த்தங்கரர் நேமிநாதரின் பெயரே அது. கொல்லாமையை அறங்களின் தலையில் வைத்த சமயத்தவர் எறும்புக்கு எத்தனை அறிவு என்று எண்ணிப் பார்த்ததில் வியப்பில்லை.

இதை நான் பழம்பெருமைக்காக எடுத்துக் காட்டவில்லை. பிரிட்டிஷ் பாராளுமன்றம் 2022ல் பிராணிகளின் உணர்வை அங்கீகரித்துச் சட்டம் இயற்றியபோது, முதுகெலும்புள்ளவற்றோடு நண்டு, இறால் வகைகளையும் ஆக்டோபஸ் இனத்தையும் சேர்த்துக்கொண்டது, பூச்சிகளைச் சேர்க்கவில்லை. நண்டு வரைக்கும் வந்தவர்கள் தும்பிக்கு வந்து சேரவில்லை. அதே ஆண்டில் லண்டனில் லார்ஸ் சிட்கா என்பவரின் ஆய்வுக்கூடத்தில், எந்தப் பரிசும் இல்லாமலே வண்டுத்தேனீக்கள் சிறிய மர உருண்டைகளைத் திரும்பத் திரும்ப உருட்டியதைப் பதிவு செய்து, அது விளையாட்டைப் போன்றதே என்று வெளியிட்டார்கள். பூச்சிக்கு நோவு நம்மைப்போல் தெரியுமா என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள். வாதம் முடியும்வரை, சந்தேகத்தின் பலனை யாருக்குக் கொடுப்பது என்பது நியாயஸ்தலம் ஏறிய எவருக்கும் தெரிந்த விஷயந்தான்.

நம்முடைய சட்டமோ இந்தக் கேள்வியை எப்போதோ தாண்டிவிட்டது. அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தபோது மிருகவதையைத் தடுக்க ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசாங்கமே சட்டம் செய்யும் என்று நேரு வாக்களித்ததன்மேல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960ல் பிராணிவதைத் தடைச் சட்டம் நிறைவேறியது. பிராணி என்றால் மனிதன் நீங்கலாக உயிருள்ள எதுவும் என்று அது இலக்கணம் சொல்கிறது. எறும்புக்கும் கரப்பானுக்கும் அதில் விலக்கில்லை. விஞ்ஞான ஆராய்ச்சிக்கு இடம்கொடுக்கும் அதே சட்டம், பள்ளி கல்லூரிகளில் புத்தகம், மாதிரி உருவம், திரைப்படம் முதலியவை கொண்டு கற்பிக்க முடியுமானால் உயிர்களைச் சோதனைக்கு உட்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும் என்ற நோக்கத்தையும் எழுதி வைத்திருக்கிறது. 1959ல் கேப்டன் சுந்தரம் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் ஸ்தாபனத்தார், தவளையை அறுக்காமல் கம்ப்யூட்டர் திரையில் அறுத்துப் பார்க்கும் மென்பொருளை உண்டாக்கிக் கல்லூரிகளுக்கு வழி காட்டினார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2011ல் விலங்கியல் வகுப்புகளில் அறுவையைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி, 2014ல் அடியோடு நிறுத்தச் சொன்னது. மெழுகுத் தட்டில் கரப்பானைக் குப்புறக் கிடத்தி, இருபுறமும் குண்டூசி அடித்து, உமிழ்நீர்ச் சுரப்பியைத் தேடிய தலைமுறை அதோடு முடிந்தது. அறுப்பது நின்ற கல்லூரிகளிலும் சேகரிப்பது மாத்திரம் தொடர்வது ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை. அறுக்கப்படுவதற்குப் பெயர் ஹிம்சை, குத்தப்படுவதற்குப் பெயர் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டோம் போலிருக்கிறது.

இத்தனை பேசுகிறவன் வீட்டில் கொசு மட்டை இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. வாசலில் எறும்புக்கென்று அரிசிமாவுக் கோலம் போட்டுவிட்டு, சமையலறை மேடையில் அதே எறும்புக்கு விஷச் சாக்கட்டியால் கோடு கிழிக்கும் ஊர் இது. கூட்டோடு கொதிநீரில் இடப்பட்ட ஆயிரக்கணக்கான புழுக்களின் நூலை உடுத்தாமல் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. பட்டு வேண்டாம் என்று காஞ்சிப் பெரியவர் வற்புறுத்திச் சொன்னதைக் கேட்டு நெகிழ்ந்த அதே குடும்பங்கள், முகூர்த்தநாள் நெருங்கியதும் பனகல் பார்க்கைச் சுற்றியுள்ள ஜவுளிக்கடைகளில் கூட்டமாய் நின்றதை நானே பார்த்திருக்கிறேன், நின்றும் இருக்கிறேன். ஆகவே எனக்குப் பூரண அஹிம்சையைப் பற்றி உபதேசிக்க யோக்கியதை கிடையாது. பிரயோஜனமில்லாமல் கொல்ல வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குத்தான் உண்டு.

பிரயோஜனத்தோடு கொல்வதும் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. 1897 ஆகஸ்டு 20ஆம் தேதி செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்திராவிட்டால், மலேரியாவின் வழியை உலகம் அன்று அறிந்திராது. மாடித் தண்ணீர்த் தொட்டியில் பெருகும் கொசுவோடு குடித்தனம் நடத்தும் சென்னைவாசிகள் அந்த அறுவையைப் பழிக்க உரிமையற்றவர்கள். நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரியில் பூச்சியியல் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிய டி. என். அனந்தகிருஷ்ணன் தம் ஆயுள் முழுவதும் ஆராய்ந்த இலைப்பேன்கள், ஓரிரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. கண்ணாடித் தகட்டில் பதித்து நுண்ணோக்கியில் வைத்தாலன்றி எது எந்த இனம் என்று பிரிக்க எவராலும் முடியாது. சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் விலங்கியல் ஆய்வு நிறுவனக் கிளை போன்ற இடங்களில் பாதுகாக்கப்படும் மாதிரிகள், என் பரணிலிருந்த பெட்டியைப் போன்றவை அல்ல. ஓர் இனத்துக்குப் பெயரிட்டவர் எதைப் பார்த்துப் பெயரிட்டாரோ அதையே நூறு வருஷம் கழித்து மற்றொருவர் எடுத்துப் பார்த்துச் சரிபார்ப்பதற்கானவை. இன்னும் ஒன்று. பூச்சிகள் அழிந்துவருகின்றன என்று 2017ல் உலகத்தையே திடுக்கிட வைத்த ஜெர்மானிய ஆய்வு, 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் 27 ஆண்டுகள் பொறிவைத்து, விழுந்து இறந்த பூச்சிகளை எடைபோட்டே, பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை நாலில் மூன்று பங்கு குறைந்துவிட்டது என்று காட்டியது. பூச்சிக்காகப் பரிந்து பேசும் எங்களுக்கு ஆயுதம் கொடுத்ததே அந்தப் பொறிதான்.

இந்த வேலைகளுக்குத் தேர்ந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் எடுப்பது அளவோடு, எடுத்ததைக் காப்பது தலைமுறைக்கு. இருபது வயதுப் பிள்ளைகள் அறுபது பேர் ஒரே வாரத்தில் ஒரே பூங்காவில் வலையோடு இறங்கி, ஆளுக்கு ஐம்பது என்று கொன்று, தேர்வு முடிந்த மறுநாள் பெட்டியைத் தூக்கி எறிவதற்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. தேர்ந்தவர்களிடத்திலும் முறைகள் மாறிவருகின்றன. வண்ணத்துப்பூச்சியின் ஒரு காலின் நுனியை மட்டும் எடுத்து, மரபணுவைச் சோதித்துவிட்டு, பூச்சியைப் பறக்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கால் போனது அதற்கு நஷ்டந்தான், உயிர் போவதைவிட மேல்.

கொல்லாதவன் எல்லாம் ஹிம்சை செய்யாதவன் என்றும் எண்ணிவிடக் கூடாது. படம் அசையாமல் விழவேண்டும் என்பதற்காகப் பூச்சியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து விறைக்கச் செய்து, பூவின்மேல் நிறுத்திப் படம் எடுப்பவர்கள் உண்டு. ஒரு முட்டையைப் படமெடுப்பதற்காகச் செடியையே பிடுங்குகிறவர்கள் உண்டு. கைப்பேசி வந்தபிறகு இந்தக் கூட்டம் பெருத்துவிட்டது. விளக்கின் எதிரில் வெள்ளை வேட்டி கட்டி அந்துப்பூச்சிகளை வரவழைத்துப் பார்ப்பவர்கள், வேலை முடிந்ததும் விளக்கை அணைத்து, வேட்டியை மெல்ல உதறி, விடியுமுன் அவற்றைப் போகவிட வேண்டும். இல்லாவிட்டால் காலையில் காக்கைக்கும் கரிச்சானுக்கும் பந்தி விரித்ததாகிவிடும்.

என் பெட்டியில் அழியாமல் மிஞ்சியவை சீட்டுகள் மட்டுமே என்று சொன்னேன். ‘பனகல் பார்க், 14-8-77’, ‘அடையாறு முகத்துவாரம், 2-10-77’, ‘நாகேஸ்வர ராவ் பார்க், 9-10-77’ என்று அவற்றில் எழுதியிருக்கிறது. அவ்விடத்தில் அந்நாளில் அந்தப் பூச்சி இருந்தது என்பதற்கு அது பிரமாணம். பெட்டியிலேயே மதிப்புள்ள பகுதி அதுதான். அதை எழுதுவதற்குப் பூச்சி சாகவேண்டிய அவசியமே இருக்கவில்லை. இன்று ஒரு பையன் கைப்பேசியில் எடுக்கும் படத்தில் தேதியும் இடமும் தாமே பதிவாகின்றன. ஐநேச்சுரலிஸ்ட், இந்திய பல்லுயிர்த் தளம் போன்றவற்றில் அதை இட்டால், கண்டறியாத பூச்சிக்கு எங்கோ இருக்கும் நிபுணர் பெயர் சொல்கிறார், படமும் பரணில் பொடியாவதில்லை. இங்கிலாந்தில் 1976லிருந்து நடந்துவரும் முறை ஒன்று இன்னும் எளிது. ஒரே பாதையில், வாரம் ஒருமுறை, வெயில் அடிக்கும் நேரத்தில், ஒரே சீராக நடந்து, ஐந்து மீட்டர் அகலத்துக்குள் தென்படும் வண்ணத்துப்பூச்சிகளை எண்ணிக் குறித்துக்கொள்வதே அது. லஸ் அருகிலுள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் கைவீசி நடக்கும் ஆயிரம் பேரில் பத்துப் பேர் அதைச் செய்தால், இருபது வருஷத்தில் மயிலாப்பூருக்கென்று ஒரு சரித்திரம் கிடைத்துவிடும். பக்கத்திலேயே பள்ளிக்கூடங்களுக்கும் பஞ்சமில்லை.

கறிவேப்பிலைச் செடியில் ஒரு முட்டையைக் கண்ட நாளிலிருந்து சிறகு முளைத்துப் பறந்த நாள்வரை பேத்தியும் நானும் சேர்ந்து எழுதிய குறிப்பேடு நாற்பத்திரண்டு பக்கம் வந்திருக்கிறது. படங்கள் அவள் வரைந்தவை. எச்சம் போன்ற புழுவை வரைந்த பக்கத்தில், நிஜமான எச்சம் ஒன்றையும் பக்கத்தில் வரைந்து, ‘இது புழு இல்லை’ என்று எழுதியிருக்கிறாள். ஆறு முட்டைகளில் பறந்தவை இரண்டு. மூன்றைச் சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி முட்டைப்பருவத்திலேயே முடித்துவிட்டது, ஒன்றைக் கொண்டைக்குருவி கொத்திக்கொண்டு போயிற்று. அதுவும் பாடந்தான், தேதியோடு எழுதப்பட்டிருக்கிறது.

வரும் ஆண்டின் செய்முறைத் தேர்வுக்கு மதிப்பெண் பங்கிட உட்காரும் பெரியோர்களுக்கு என் விண்ணப்பம் சிறியது. ‘பூச்சிப்பெட்டி – 10’ என்று இருக்கும் வரியில், ‘பூச்சிக் குறிப்பேடு – 10’ என்று திருத்தி எழுதுங்கள். பத்து என்பதைத் தொட வேண்டாம்.